மெலட்டூர் நாடகத்துக்கு 6 வயதுக் குழந்தையை அழைத்துப் போகலாமா?

கேள்வி: இந்த முறை நரசிம்ம ஜெயந்திக்கு தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூர் போய், அங்கே நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தைப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். மகளுக்கு 6 வயது. விடிய விடிய நடக்கும், அதுவும் தெலுங்கில் என்கிறார்கள். நரசிம்மரைப் பார்த்துப் பயந்துவிடுவாளோ என்றும் கவலை. கூட்டிப் போகலாமா?

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் முழு நாடகத்தையும் அவள் பார்த்தே ஆக வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பெரியவர்களே நடுவில் கொஞ்சம் கண் அயர்ந்து, மத்தளச் சத்தம் கேட்டு எழுந்து பார்க்கிற நாடகம் அது.

தெலுங்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். அன்று ஆடப்படும் பிரகலாத சரித்திரம் நாடகத்தை எழுதிய மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில்தான் எழுதினார். பார்க்க வருகிறவர்களில் பலருக்கும் அந்த மொழி தெரியாது. கதை தெரிந்தால் போதும். ஒரு வாரம் முன்னாலிருந்தே தூங்கப் போகும்போது பிரகலாதன் கதையைச் சொல்லுங்கள். தூண் பிளந்து நரசிம்மர் வருவதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வரப்போவது தெரிந்த குழந்தை, பயந்தாலும், "இப்ப வருவாரா, இப்ப வருவாரா" என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

அவளுக்கு மிகவும் பிடிக்கப் போவது தொடக்கம்தான். நாடகம் இரவு 10 மணியை ஒட்டித் தொடங்கும். அந்த வருடத்து நேரத்தை ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். முதலில் கூம்புத் தொப்பியோடு கோணங்கி என்ற கோமாளி ஆடி வருவான். அப்புறம் யானைமுக முகமூடி போட்டுக்கொண்டு ஒரு சிறுவன் பிள்ளையாராக வந்து ஆடுவான். பிரகலாதனாக வருவதும் சிறுவன்தான். பெரியவர்களுக்கு நடுவில் தன்னைப் போல ஒரு பிள்ளை நின்று ஆடுவதே போதும், உங்கள் மகளைக் கட்டிப்போட வேறு எதுவும் வேண்டாம்.

பாத்திரப் பிரவேசத்தை மட்டும் தவறவிடாதீர்கள். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் யார் என்று தெரியாது. திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால்கள் மட்டும் தெரியும். என்னிடம் நடனம் கற்கும் ஒரு சிறுமி அங்கே தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ராஜா கால்" என்று அவளே கண்டுபிடித்தும் சொன்னாள். இரணியன்தான் வந்தான். குழந்தை அப்படிப் பார்க்கும்போது "ஒழுங்கா உட்கார்" என்று இழுக்காதீர்கள்.

பெண் வேடங்களையும் ஆண்களே போடுகிறார்கள். "இது மாமாவா, அத்தையா?" என்று கட்டாயம் கேட்பாள். "மாமாதான், பிரகலாதனோட அம்மா லீலாவதியாக வேடம் போட்டிருக்கிறார்" என்று சொன்னால் போதும்.

இனி நரசிம்மர். அந்த முகமூடி கோயிலில் வைத்துப் பூஜிக்கப்படுவது. அணிகிறவர் விரதம் இருக்கிறார். ஆவேசத்தில் அவரைப் பலர் சேர்ந்து பிடித்துக்கொள்வதும் உண்டு. விடியலுக்கு முன்னால், பாதித் தூக்கத்தில் எழுப்பி "பார், பார்" என்று திருப்பிக் காட்டினால் எந்தக் குழந்தையும் அலறும். வேண்டுமானால் பத்து, பதினைந்து நிமிடம் முன்னதாகவே எழுப்பி, தண்ணீர் குடிக்க வைத்து, மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். நன்றாகத் தூங்கினால் எழுப்பவே வேண்டாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். முன்வரிசை ஆசையும் வேண்டாம். ஓரமாக, எழுந்து வெளியே போக வழி உள்ள இடமாகப் பாருங்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள்.

அன்று மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்க வையுங்கள். இது பெரும்பாலும் மே மாதத்தில் வரும். புழுக்கமும் கொசுவும் இருக்கும். முழுக்கைப் பருத்திச் சட்டை, பாய், ஒரு போர்வை, தண்ணீர், இட்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்குத் தஞ்சாவூரில் அறை போட்டுக்கொள்ளுங்கள், பக்கம்தான். இரவு முழுக்கக் கண் விழித்தவர் விடியற்காலையில் கார் ஓட்டக் கூடாது. நாடகம் பார்க்காமல் நன்றாகத் தூங்கிய ஒரு டிரைவரை முன்னாலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள்.