நாலணா உதைக்கும் கணக்கு

வணக்கம் ஐயா,

காரைக்குடியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். உயர் பரிமாண ஈர்ப்பில் கருந்துளைகளுக்கான துல்லியத் தீர்வுகளைப் பற்றி ப்ராஜெக்ட் செய்ய ஆசை. “இல்லாத பரிமாணத்துல இல்லாத ஓட்டையப் பத்திப் படிச்சு என்ன செய்யப்போறே?” என்கிறார் அம்மான். “கம்ப்யூட்டரே தோராயமாப் போட்டுக் குடுத்துரும், கையால எதுக்கு?” என்கிறார் சீனியர் ஒருவர். ஈரேழு பதினாலு லோகம் என்று நம் முன்னோர் சொன்னது இந்தக் கூடுதல் பரிமாணங்களைத்தானா? நான் எங்கிருந்து தொடங்குவது?

மெ.

அன்புள்ள மெ.,

பதினாலு லோகத்தை முதலில் தள்ளி வையுங்கள். ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்ல எத்தனை எண் வேண்டும் என்பதுதான் பரிமாணம். அதில் யாரும் குடியிருப்பதில்லை. இரண்டையும் குழப்பினால் புராணமும் கெடும், ப்ராஜெக்டும் கெடும். இனி இப்படி எழுதாதீர்கள்.

அம்மானுக்கு உங்கள் வேலையைப் பற்றிய கவலை. பாசத்தில் கேட்கிறார், கேட்கட்டும்.

சீனியர் சொன்னதைத்தான் என்னால் விட முடியவில்லை. கொஞ்ச நாளாகவே இதே நினைப்பாக இருக்கிறேன். “தோராயம் போதும்” என்பது இன்று எல்லாத் துறையிலும் கெட்டிக்காரத்தனம் போலப் பேசப்படுகிறது.

எங்கள் வீட்டு முன்கட்டுப் பட்டாலையில் கணக்கப்பிள்ளை வருஷக் கணக்கை முடித்து ஐந்தொகை போடும் நாளில் நாங்கள் சத்தம் போடக்கூடாது. ஒருமுறை வரவும் செலவும் ஒத்துவராமல் நாலணா உதைத்தது. எங்கள் ஐயா, “நாலணாதானே, நான் தர்றேன், எழுதி முடியும்” என்றார். கணக்கப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நாலணா தப்புன்னு நினைக்காதீக. வரவுல அஞ்சாயிரம் விட்டுப்போயி, செலவுல அஞ்சாயிரத்து நாலணா விட்டுப்போயிருந்தாலும் நாலணாதான் உதைக்கும்.” அன்று ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தார்.

இயற்பியலிலும் இப்படி ஒரு நாலணா உண்டு. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன், புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையில் 3600ல் ஒரு பங்கு ஒரு விகலை) கூடுதலாகத் திரும்புவதைத் தன் கோட்பாட்டால் விளக்கினார். தன் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு அவர் கையாண்டது தோராயத் தீர்வு. புதனுக்கு அது தாராளம். சில வாரங்களிலேயே, போரில் ஜெர்மன் படையில் இருந்த வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்ட் அதே சமன்பாடுகளுக்குத் துல்லியத் தீர்வைக் கண்டு அவருக்கு எழுதினார். புதன் விஷயத்தில் இரண்டும் ஒரே விடையைத்தான் தருகின்றன. ஆனால் நிகழ்வெல்லை, அதாவது ஒளிகூடத் திரும்பி வர முடியாத எல்லை, இருப்பது ஷ்வார்ட்ஸ்சில்டின் தீர்வில். தோராயத் தீர்வை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தட்டுப்படாது. கருந்துளை என்ற பொருளே அந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் ஒளிந்திருந்தது.

உயர் பரிமாணத்தில் இது இன்னும் கூர்மை. சுழலாத கருந்துளையை எத்தனை பரிமாணத்துக்கும் எழுதலாம் என்று 1963ல் இயற்பியலாளர் டாங்கர்லினி காட்டினார். சுழலும் கருந்துளைக்கு 1986ல் மையர்ஸும் பெர்ரியும் தீர்வு தந்தார்கள். நமக்குப் பழகிய நான்கு பரிமாண வெளிநேரத்தில் (இடத்துக்கு மூன்று, காலத்துக்கு ஒன்று), மின்னூட்டம் இல்லாத கருந்துளையின் நிறையும் சுழற்சியும் தெரிந்தால் போதும், வேறெதுவும் கேட்க வேண்டாம். நிகழ்வெல்லையும் உருண்டை வடிவம்தான். ஐந்திலும் அப்படியே இருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள்.

2002ல் எம்பாரன், ரியல் என்ற இரு இயற்பியலாளர்கள் ஐந்து பரிமாணத்தில் ஒரு கருவளையத்தை வெளியிட்டார்கள். துல்லியத் தீர்வு. நிகழ்வெல்லை உருண்டை இல்லை, வளையம். தன் ஈர்ப்பிலேயே சுருங்கி விழாமல் அதைத் தாங்குவது சுழற்சி. நிறையை மாற்றாமல், ஒரே தளத்தில் சுழல்வதாக வைத்து, சுழற்சியை அலகில்லாத எண்ணாக்கி வர்க்கப்படுத்துங்கள். மையர்ஸ்–பெர்ரி உருண்டை 1 வரை போகும். வளையம் 27/32ல் தொடங்கும். இடைப்பட்ட இடத்தில் ஒரே நிறை, ஒரே சுழற்சிக்கு மூன்று கருந்துளைகள்: ஓர் உருண்டை, ஒரு தடித்த வளையம், ஒரு மெல்லிய வளையம்! அந்த 27/32ஐ நிதானமாகப் பாருங்கள். சமன்பாடு தானே போட்ட வரப்பு அது. தோராயம் 0.84 என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கும்.

உங்கள் சீனியரிடம் கேளுங்கள்: கம்ப்யூட்டருக்கு உருண்டையைத் தேடு என்று கொடுத்தால் அது எப்படி வளையத்தைக் கொண்டுவரும்? ஆறு பரிமாணத்தில் வளையத்துக்குத் துல்லியத் தீர்வு கைவரவில்லை. அங்கே தோராயமும் கம்ப்யூட்டரும்தான் வேலை செய்கின்றன, நன்றாகவே செய்கின்றன. அங்கே வளையத்தைத் தேடலாம் என்ற துணிவு ஐந்தில் கிடைத்த தீர்வால் வந்தது. நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை அம்மா. எதைத் தேடுவது என்று தெரியாமலே அதன் முன்னால் உட்காரும் சோம்பலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இல்லாத பரிமாணம் என்று அம்மான் சொல்கிறார். நமக்கு இருப்பது ஏன் மூன்று இடப் பரிமாணம் என்பதன் அருமையே நான்கைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 1917லேயே இயற்பியலாளர் எரன்ஃபெஸ்ட் போட்டுப் பார்த்தார்: இடத்துக்கு நான்கு பரிமாணம் இருந்தால் கோள்களுக்கு நிலையான சுற்றுப்பாதை கிடையாது. ஒன்று சூரியனில் விழும், இல்லையென்றால் விலகிப் போய்விடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். டாங்கர்லினி தீர்வை ஐந்து பரிமாணத்துக்கு எழுதுங்கள். ஷ்வார்ட்ஸ்சில்டில் ஆரத்தால் வகுக்கும் இடத்தில் ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், கோளத்துக்கு ஒரு கோணம் கூடும். வெளிநேரத்தின் வளைவைச் சொல்லும் ரிச்சி டென்சரின் கூறுகள் எல்லாம் பூஜ்யமாகின்றனவா என்று கையாலேயே பாருங்கள். எது ஆகவில்லையோ அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். அடித்துத் திருத்தி நகல் எடுக்காமல், போட்டபடியே.