அளவீட்டிலிருந்து பின்னோக்கி

அன்புள்ள ஐயா,

எலி மூளையில் எந்தப் பகுதி எதனோடு இணைந்திருக்கிறது என்று ஆய்வுக்கட்டுரைகளிலிருந்து எடுத்துத் தரவுத்தளமாகத் தொகுக்கிறோம். ‘அ-விலிருந்து ஆ-வுக்கு இணைப்பு உண்டு’ என்று இணைப்புக்கு ஒரு வரி. இரண்டு கட்டுரைகள் முரண்படும்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கே தவறு?

அன்புள்ள நண்பருக்கு,

தவறு அந்த வரியிலேயே இருக்கிறது. ‘இணைப்பு உண்டு’ என்பது ஆய்வாளர் எட்டிய முடிவு. அவர் கண்ணால் பார்த்தது மூளைச் சீவலில் சாயம் ஏறிய செல்களை அல்லது இழைகளை. பார்த்ததை முதலில் பதியுங்கள். முடிவைத் தனி அட்டவணையில் வைத்து, எந்த அவதானிப்புகளிலிருந்து வந்தது என்று இணையுங்கள்.

அதற்குமுன் பரிசோதனையின் படிகளை அம்புக்குறிகளால் இணைத்துத் தாளில் வரையுங்கள். எலி, மூளையின் ஒரு பகுதியில் சாயம் செலுத்துதல், அது நரம்பிழை வழியே பரவச் சில நாள் காத்திருப்பு, மூளையை எடுத்துச் சீவுதல், தேவையானால் நிறமேற்றுதல், நுண்ணோக்கியில் பார்த்தல். எலியின் இனம், சாயத்தின் பெயர், செலுத்திய இடம், காத்திருந்த நாட்கள், பார்த்த பகுதி என, பரிசோதனைக்குப் பரிசோதனை மாறக்கூடிய ஒவ்வொரு மாறியையும் அது தீர்மானமாகும் படியின் மேல் எழுதுங்கள். கடைசியில் அளவீடு, அதாவது சாயத்தின் அடர்த்தி. இனி அந்த அளவீட்டில் விரலை வைத்து, அம்புக்குறிகளைப் பிடித்து முதல் படிவரை பின்னோக்கி வாருங்கள். வழியில் தட்டுப்படும் மாறிகள் எல்லாம் அந்த அளவீட்டோடு சேர்ந்து பதியவேண்டிய அட்டவணைப் பத்திகள். வேறு கிளையில் பிரிந்துபோனவை சேராது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கல்லி பர்ன்ஸ் குழு வகுத்த ‘கெஃபெட்’ (KEfED, பரிசோதனை வடிவமைப்பிலிருந்து அறிவைத் தொகுத்தல்) முறையின் சாரம் இதுதான். 2011இல் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமும் உங்களுடைய நரம்பிணைப்புதான்.

சாயத்தின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபுளோரோ-கோல்டு முதன்மையாக இழைமுனையிலிருந்து செல்லுடலுக்குப் பின்னோக்கிப் போகும், பி.எச்.ஏ.-எல் செல்லுடலிலிருந்து இழைமுனைக்கு முன்னோக்கிப் போகும். செலுத்திய இடத்தையும் சாயம் தெரிந்த இடத்தையும் மட்டும் பதிந்தால் இணைப்பின் திசையே தலைகீழாகும்.

ஒரே ஆய்வகத்தில் மாறாத எலி இனத்தை ‘எப்போதும் இதுதானே’ என்று விட்டுவிடத் தோன்றும். அடுத்த ஆய்வகத்தின் கட்டுரை வந்ததும் அதுவே மாறியாகிவிடும். ஆகவே மாறிலிகளையும் பதியுங்கள். வெற்றுக்கட்டம் இன்னும் மோசம்: ‘சாயம் தென்படவில்லை’ என்பதும் ‘அந்தப் பகுதியைப் பார்க்கவே இல்லை’ என்பதும் அதில் ஒன்றாகிவிடும். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு கொடுங்கள். சாயம் பக்கத்துப் பகுதிக்குக் கசிந்ததா என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும்; பொய்யான இணைப்புகள் அந்த வழியாக நிறைய வருகின்றன.

முரண்படும் அந்த இரண்டு கட்டுரைகளை இப்படி அருகருகே வரைந்து, எந்தப் படியில் வேறுபடுகின்றன என்று பாருங்கள். படிகள் ஒத்திருந்தால் பகுதிப் பெயர் எந்த மூளை வரைபடத்திலிருந்து வந்தது என்று தேடுங்கள். பாக்சினோஸ்–வாட்சன் வரைபடமும் ஸ்வான்சன் வரைபடமும் எல்லைகளை எல்லா இடத்திலும் ஒரேபோல் வகுப்பதில்லை.