மாமனார் கொடுத்த காருக்கு 46,800 ரூபாயில் சைலன்சர்: கார்டில் தேய்க்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. தூத்துக்குடியில் ஒரு கிடங்கில் கணக்குப் பிரிவில் வேலை. கையில் வரும் சம்பளம் 38,000. கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த சின்ன பெட்ரோல் கார், 2014 மாடல், இன்னும் ஓடுகிறது. வீட்டிலிருந்து வேலைக்கு மூன்று கிலோமீட்டர், மாதம் ஒரு முறை திருநெல்வேலி, அவ்வளவுதான் ஓட்டம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. இப்போது பின்பக்கமிருந்து டிராக்டர் மாதிரி சத்தம். டேஷ்போர்டில் எஞ்சின் லைட் எதுவும் எரியவில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஃபுல் செட் மாற்ற வேண்டும் என்று 46,800 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். முன்குழாயோடு சேர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் பாகம்) 31,000, நடுக்குழாயும் சைலன்சரும் 9,800, கேஸ்கட், கிளாம்ப், ரப்பர் 2,200, கூலி 3,800. வெளியே எங்கும் விடக்கூடாது என்பது மாமாவின் கண்டிப்பு. கையில் 9,000தான் இருக்கிறது. கிரெடிட் கார்டில் போட்டால் மாதம் 2,270 வீதம் 24 மாத ஈஎம்ஐ ஆக்கித் தருவார்களாம். கார்டில் ஏற்கெனவே 71,000 பாக்கி, எல்லாம் கார் செலவு. மாதம் 3,600 தவறாமல் கட்டுகிறேன். தபால் ஆபீஸில் மகள் பேரைச் சொல்லி மாதம் 3,000 ஆர்.டி., 28 மாதம் ஆகிறது. அதைத் தொட மனசில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேகத்தடையில் இடித்ததாகச் சொல்லி கிளெய்ம் போடலாம் என்கிறார். ஷோரூமில் பழைய காரை 1,20,000-க்கு எடுத்துக்கொண்டு, முன்பணம் இல்லாமல் புது கார் தருகிறோம் என்கிறார்கள். எதைச் செய்வது?

பின்குறிப்பு: காலையில் வண்டியை எடுக்கும்போது சைலன்சருக்கு அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. இதுவும் கோளாறா?

பதில்: நீங்கள் கேட்டது சைலன்சரைப் பற்றி. கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு வரி: ‘மாதம் 3,600 தவறாமல் கட்டுகிறேன்.’ அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? 71,000-இல் ஐந்து சதவீதம் 3,550. அதாவது நீங்கள் கட்டுவது தவணை அல்ல, மினிமம் டியூ, கார்டுக்காரர்கள் கேட்கும் குறைந்தபட்சத் தொகை.

கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், ஆகையால் சுருக்கமாகப் போடுகிறேன். கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் மூன்றரை சதவீதம். உங்கள் ஸ்டேட்மென்ட்டின் பின்பக்கம் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 71,000-க்கு வட்டி 2,485. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 447. ஆக 2,932 போய்விட்டது. 3,600-இல் அசலுக்குச் சேர்வது 668 ரூபாய். 14 மாதமாக இப்படிக் கட்டியிருந்தால் கையை விட்டுப் போனது 50,400, அதில் பெரும்பகுதி வட்டி. நடுவில் ஒரு சர்வீஸ் பில்லைத் தேய்த்ததும் கொஞ்சம் இறங்கிய அசலும் பழைய இடத்துக்கே ஏறியிருக்கும். பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாகத் தேய்ப்பதற்கு வட்டியில்லாத நாற்பத்தைந்து நாள் சலுகையும் கிடையாது. தேய்த்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். அதனால் 46,800-ஐ அந்தக் கார்டில் போடக்கூடாது. ஈஎம்ஐ ஆக்கித் தந்தாலும் கூடாது.

சரி, சைலன்சர். உங்கள் வண்டிக்கு வந்திருப்பது கடற்கரை ஊர் நோய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வெளியே வரும். வண்டி நன்றாகச் சூடானால் அது வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டரில் சைலன்சர் சூடாவதற்குள் நீங்கள் அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். தண்ணீர் உள்ளேயே தங்கித் தகட்டைத் தின்கிறது. வெளியே உப்புக்காற்று, போதாததற்கு அந்த டிசம்பர் வெள்ளம். துரு வழக்கமாகப் பிடிப்பது இன்ஜினிலிருந்து தள்ளி, ஆறிக் கிடக்கும் பின்பக்கச் சைலன்சரையும் குழாயின் இணைப்புகளையும்தான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் முன்னால், சூட்டிலேயே இருப்பது. அது கெட்டால் பெரும்பாலும் எஞ்சின் லைட் எரியும், இழுவை குறையும், புகைச் சான்றிதழ் சோதனையில் அளவு ஏறும். பின்னாலிருந்து டிராக்டர் சத்தம் வருவது அதன் அறிகுறி அல்ல.

ஆகவே எஸ்டிமேட்டின் முதல் வரி, அந்த 31,000, எதற்கு என்று கேளுங்கள். ‘ஃபுல் செட்’ என்பது காரணம் ஆகாது. எதை வைத்துக் கன்வெர்ட்டர் கெட்டது என்று முடிவு செய்தார்கள், வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேன் போட்டார்களா, என்ன எரர் கோட் வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விலைப் பட்டியலின் தேதியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய விலையிலேயே எஸ்டிமேட் அடித்துக் கொடுக்கும் கவுன்டர்கள் உண்டு.

அடுத்து, லிஃப்ட்டோ பள்ளமோ உள்ள ஒரு நல்ல வெளிப் பட்டறையில் வண்டியை ஏற்றச் சொல்லி நீங்களும் கீழே போய் நின்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். இணைப்பில் கேஸ்கட் போயிருந்தால் சில நூறு ரூபாயோடு முடியும். குழாயில் ஓட்டை என்றால் அந்தத் துண்டை வெட்டிப் புதுக் குழாய் வைத்துப் பற்றவைக்கலாம். ஐந்நூறு, எண்ணூறு ஆகலாம். சைலன்சர் டப்பாவே பொடிந்திருந்தால் ஒட்டு வேலை வேண்டாம். துருவில் மெலிந்த தகட்டில் வெல்டிங் ராடை வைத்தால் ஓட்டை பெரிதாகும், இரண்டு மாதத்தில் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். பால் டின்னை வெட்டிச் சுற்றிக் கம்பி கட்டுகிற வைத்தியமும் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் அது எங்காவது ரோட்டில் கிடக்கும்.

டப்பா போயிருந்தால் வெளிச் சந்தையில் உங்கள் மாடலுக்கான சைலன்சர் மட்டும் வாங்கிப் போடுங்கள். சின்ன பெட்ரோல் கார்களுக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்குள் கிடைப்பதாகப் பட்டறைக்காரர்கள் சொல்கிறார்கள். தொங்கும் ரப்பர்கள், கேஸ்கட், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம், அதிகம் போனால் ஆறாயிரம். கையில் இருக்கும் 9,000-க்குள் அடங்கிவிடும். அலுமினியப் பூச்சுத் தகட்டில் செய்தது கிடைத்தால் சில நூறு கூடுதலாகக் கொடுக்கலாம், உப்புக்காற்றுக்கு அது தாங்கும். ஆயுசுக்கும் உழைக்கும் என்று ஸ்டீலில் செய்து தர ஆள் உண்டு. உங்கள் ஆர்.சி. 2029 வரைதான், அதற்குப் பிறகு இந்த வண்டியை வைத்திருப்பீர்களா என்பதே சந்தேகம். மூன்று வருட வண்டிக்கு முப்பது வருடக் குழாய் எதற்கு? பழைய இரும்புக் கடை சைலன்சரும் வேண்டாம், உள்ளே எவ்வளவு துரு என்று யாராலும் பார்க்க முடியாது. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள். வண்டியின் கம்ப்யூட்டர் சைலன்சரைவிட விலை அதிகம்.

இதை இந்த வாரமே செய்யுங்கள். ஒழுகும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது. அதுவரை நிறுத்திய வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு குழந்தையோடு உட்கார வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. சில பட்டறைகளில், ‘கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு நேர்க் குழாய் போட்டுத் தருகிறேன், மைலேஜ் ஏறும், கூலியும் வேண்டாம்’ என்பார்கள். கூலி ஏன் வேண்டாம் என்றால், அந்தப் பழைய கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. பழைய இரும்பு வியாபாரி அதைத் தேடி வந்து வாங்குவார். அதை எடுத்துவிட்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். புகை விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் போகும், சிறைக்கும் இடமுண்டு. என்றாவது உண்மையிலேயே கன்வெர்ட்டரை மாற்ற நேர்ந்தால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் சொத்து.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். துருவும் தேய்மானமும் பாலிசியில் வராது, இடிக்காத வேகத்தடையில் இடித்ததாகச் சொல்வது பொய். பொய் என்பதைத் தள்ளி வைத்தாலும் கணக்கு உதைக்கிறது: பத்து வருடம் தாண்டிய வண்டியின் இரும்புப் பாகத்துக்குப் பாதி தேய்மானம் கழிப்பார்கள், அடுத்த வருட நோ கிளெய்ம் போனஸும் போகும்.

ஷோரூம்காரர் விஷயம் இன்னும் வேடிக்கை. ஏழு லட்சம் கடன், ஒன்பதரை சதவீதம், ஏழு வருடம் என்றால் மாதம் 11,440. மொத்தம் 9 லட்சத்து 61 ஆயிரம் கட்டுவீர்கள். ஓட்டைச் சைலன்சருக்கு இது கொஞ்சம் அதிக விலை. ‘முன்பணம் இல்லை’ என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் வாடிக்கையாளரிடம் பணம் இல்லை என்று அவர்களுக்கே தெரியும் என்று அர்த்தம்.

இனி மாமனார். கார் கொடுத்தவர், அவருடைய அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். வாரண்டி இருந்த காலத்தில் கம்பெனி சர்வீஸ் என்பது சரியான பேச்சு. பன்னிரண்டு வருட வண்டிக்கு அது வெறும் கௌரவம், அதற்கு வட்டி கட்டுவது நீங்கள். அவர் இதுவரை ஒரு பில்லையாவது பார்த்திருக்கிறாரா? கார்டில் 71,000 நிற்பது அவருக்குத் தெரியுமா? உங்கள் மனைவிக்கு? கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முதலில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு எஸ்டிமேட் தாளை அவரே அப்பாவிடம் காட்டட்டும்: ‘அப்பா, 1,20,000-க்குப் போற வண்டிக்கு 46,800 கேக்காங்க.’ மருமகன் சொன்னால் மரியாதைக் குறைவாகத் தெரியலாம். மகள் சொன்னால் ‘ஏன் முதல்லயே சொல்லல’ என்பார், அவ்வளவுதான்.

கார்டுக்கு வழி உங்கள் ஆர்.டி.யிலேயே இருக்கிறது. மூடச் சொல்லவில்லை, மூன்று வருடம் முடியாததால் இப்போது மூடவும் முடியாது. ஆனால் ஒரு வருடம் தாண்டி 12 தவணை கட்டிய தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் இருப்பதில் பாதிவரை கடன் தருவார்கள், ஆர்.டி. வட்டிக்கு மேல் இரண்டு சதவீதம். உங்கள் கணக்கு 6.7 என்றால் கடன் 8.7 சதவீதம், வருடத்துக்கு. கட்டியது 84,000, ஆகவே 42,000 எடுக்கலாம். இந்த 42,000-க்குக் கார்டில் மாதம் சுமார் 1,735 போகிறது, தபால் ஆபீஸில் 305. மகளின் சேமிப்பும் அப்படியே நிற்கும், மாதம் 3,000 கட்டிக்கொண்டே வாருங்கள்.

மீதி 29,000. ஏற்கெனவே கட்டும் 3,600, புதிதாகக் கட்டத் தயாராக இருந்த 2,270, இரண்டும் சேர்ந்து 5,870. அதை மாதாமாதம் கார்டில் கட்டினால் ஆறாவது மாதம் கார்டு சுத்தம். அடுத்த எட்டு மாதம் அதே 5,870 தபால் ஆபீஸ் கடனுக்கு. ஆக எல்லாம் முடிய மொத்தம் பதினான்கு மாதம்தான். கடன் எடுத்த அன்றே அந்தக் கார்டை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். ‘உங்கள் லிமிட்டை உயர்த்தியிருக்கிறோம்’ என்று வங்கியிலிருந்து போன் வரும், கட்டாயம் வரும். வேண்டாம் என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

பின்குறிப்புக்கு: கோளாறு அல்ல. சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிய கம்பெனியே சிறு துளை வைப்பதுண்டு, சொட்டுவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். துளையைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும் வெல்டர்கள் இருக்கிறார்கள். அதையும் சேர்த்து அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.