காய்க்குள் போன புழுவை மருந்து எட்டாது

கேள்வி: திருமங்கலம் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரியாகப் பி.டி. பருத்தி போட்டிருக்கிறேன். ஐந்து முறை மருந்து அடித்தும், காயை உடைத்தால் இளஞ்சிவப்புப் புழு நெளிகிறது. கடையில் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் பொரித்த சில மணி நேரத்திலேயே காயைத் துளைத்து உள்ளே போய்விடும் இந்தப் புழு, நுழைந்த துளையும் மூடிக்கொள்வதால், மேலே அடிக்கும் எந்த மருந்துக்கும் அகப்படுவதில்லை. புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே சுரக்கும்படி மரபணு மாற்றி 2002-இல் வந்த பி.டி. பருத்தியின் நஞ்சையும், 2006-இல் வந்த இரட்டை மரபணு ரகத்தின் நஞ்சையும் தாங்கும் திறனை இப்புழு நம் நாட்டில் பெற்றுவிட்டது. மருந்தைக் கலந்தால் கெட்ட பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் மடிந்து, சாறு உறிஞ்சும் வெள்ளை ஈதான் பெருகும்.

அடுத்த பருவத்தில் விதைத்த 45-ஆம் நாள் ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறிகளை (பெண் அந்துப்பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை இழுத்துப் பிடிப்பவை) வையுங்கள். ஒரு பொறியில் நாளொன்றுக்கு 8 அந்துப்பூச்சிகள் வீதம் தொடர்ந்து 3 நாட்கள் விழுந்தாலோ, பறித்து உடைக்கும் 20 பச்சைக் காய்களில் இரண்டில் புழு இருந்தாலோ மட்டும், வேளாண் அலுவலரிடம் கேட்டு ஒரே ஒரு மருந்தை அடிக்கலாம். இதழ் விரியாமல் ரோஜா மொட்டுப் போலக் குவிந்து நிற்கும் பூவைக் கண்டால், உள்ளே புழு இருக்கும், கிள்ளி அழித்துவிடுங்கள். தொடக்கத்தில் வரும் அசுவினி, தத்துப்பூச்சிக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த சாற்றை 100 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும்.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது பருத்திமாரை, அதாவது பருத்தி எடுத்தபின் நிற்கும் செடித்தண்டைப் பற்றி. கோடை மழை பெய்தால் இன்னொரு எடுப்பு கிடைக்குமென்று செடியை விட்டுவைப்பதும், பிடுங்கிய மாரை அடுப்புக்கென்று வீட்டோரம் போராக அடுக்குவதும் நம் பக்கத்துப் பழக்கம். அந்தப் போரிலிருந்து ஒரு காய்ந்த கொட்டுக்காயை எடுத்துப் பிளந்து பாருங்கள். ஒட்டிய இரண்டு விதைகளுக்கு நடுவே புழு சுருண்டு உறங்கும். அடுத்த விதைப்புக்குப் பின் அதுவே அந்துப்பூச்சியாக உங்கள் காட்டுக்குத் திரும்புகிறது. ஆகவே கடைசி எடுப்பு முடிந்தவுடன் ஆட்டுக்கிடை போட்டு, மிஞ்சிய காய்களை மேயவிட்டு, செடியை வேரோடு பிடுங்கித் தூளாக்கி உழுதுவிடுங்கள். அந்துப்பூச்சி வரப்பு பார்த்துப் பறப்பதில்லை. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களையும் கூப்பிட்டு, எல்லோரும் ஒரே வாரத்தில் இதைச் செய்யுங்கள். இந்த வருடம் புழு விழுந்த பருத்தியைத் தனியே பிரித்து, வீட்டில் தேக்காமல் உடனே விற்றுவிடுங்கள்.