ஆயிரம் நிலா வந்தால் கடல் என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு 43 வயது. கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், வேறு குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டு போட்டால் போதும், வரிக்கு வரி கேள்வி. ‘ஆயிரம் நிலவே வா’ என்றால், “ஒரு நிலாவுக்கே கடல் இந்த ஏறு ஏறுது, ஆயிரம் வந்தா நம்ம தெரு என்னத்துக்கு ஆகும்?” என்பார். ‘என் மேல் விழுந்த மழைத்துளியே, இத்தனை நாளாய் எங்கிருந்தாய்’ என்றால், “கடல்ல இருந்துச்சு, வேற எங்க?” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். போன வாரம் ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே ‘தென்றல் வந்து தீண்டும்போது என்ன வண்ணமோ மனசுல’ கேட்டுக்கொண்டிருந்தேன். “காத்துக்கு ஏது கலரு?” என்றார். பாட்டை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். ரசனையே இல்லாத மனிதரை எப்படித் திருத்துவது?

- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்:

அன்புச் சகோதரி, நீங்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்ததுதான் என் மனதில் நிற்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று: உங்கள் கணவருக்கு ரசனை இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம்மில் பாதிப் பேர் பாட்டில் மெட்டைத்தான் கேட்கிறோம். முப்பது வருஷமாக முணுமுணுக்கிற பாட்டின் இரண்டாவது சரணத்தில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால் விழிப்போம். அவர் ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்குகிறார். எழுதிய கவிஞருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவருடைய நிலாக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 1969-இல் ‘அடிமைப் பெண்’ படத்துக்காகப் புலமைப்பித்தன் எழுதிய பாட்டு அது. கடல் பொங்கி வடிவதற்கு முதல் காரணம் நிலாதான் என்பதால், கடலோர ஊர்க்காரருக்கு அந்தப் பயம் வருவது நியாயமே. ஆயிரமும் ஒரே பக்கமாக நின்றால் தெரு என்ன, ஊரே மிஞ்சாது. சுற்றிலும் சமமாகப் பரவி நின்றால் ஒன்றின் இழுப்பை இன்னொன்று ஏறக்குறைய சரிக்கட்டிவிடும்.

வெளிச்சம் எப்படி இருக்கும்? நான் ஒரு மத்தியானம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியன் முழுநிலாவைவிட ஏறக்குறைய நான்கு லட்சம் மடங்கு பிரகாசம். ஆகவே ஆயிரம் நிலா சேர்ந்தாலும் பகல் ஆகாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். முழுநிலவின் ஒளி சுமார் கால் லக்ஸ். ஆயிரம் என்றால் 250 லக்ஸ். நம் வீட்டுக் கூடத்தில் விளக்கையெல்லாம் நன்றாகப் போட்டால் வருகிற வெளிச்சம் போலத்தான். வானமும் அடைத்துக்கொள்ளாது. நம் தலைக்கு மேல் தெரியும் வானத்தை மூட லட்சம் நிலா வேண்டும். ஆயிரம் வந்தால் நூற்றில் ஒரு பங்குதான் நிரம்பும், மீதி இடமெல்லாம் இருட்டு வானம். பத்து லட்சம் என்று கவிஞர் கூப்பிட்டிருந்தால் நிலாக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஆயிரம் என்றதால், காதலர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் போதுமான வெளிச்சம் கிடைத்திருக்கிறது. இந்தக் கணக்குக்கு அப்புறம் எனக்கு அந்தப் பாட்டு இன்னும் அதிகமாகப் பிடித்துவிட்டது.

மழைத்துளிக்கு அவர் சொன்ன பதில் சரி, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. கடலில் இருக்கும் தண்ணீர் அங்கிருந்து கிளம்பச் சராசரியாக 3,000 வருஷம் போல ஆகிறது. ஆவியாகி மேலே போனால் காற்றில் இருப்பது ஒன்பது பத்து நாள்தான், அப்புறம் மழை. இதைத் தெரிந்துகொண்டு ‘இத்தனை நாளாய் எங்கிருந்தாய்’ என்று வைரமுத்துவின் வரியைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை “கடல்ல” என்றால், “எத்தனை வருஷமா?” என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.

இந்தக் குணம் நம்மிடம் புதிதும் இல்லை. கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று நக்கீரர் இறைவனோடு வாதாடிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வாதத்துக்குக் காரணமான குறுந்தொகைப் பாட்டில் காதலன் தும்பியிடம் ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’ என்கிறான். எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். உங்கள் கணவர் கண்டதை மொழிகிறவர்.

சரி, தென்றல் பாட்டுக்கு வருவோம். அங்கே அவர் தவறிவிட்டார். காற்றுக்கு நிறம் கேட்டது தவறில்லை. யாருக்காகப் பாடுகிற பாட்டு என்று பார்க்காததுதான் தவறு. ‘அவதாரம்’ படத்தில் (1995) ரேவதிக்குக் கண் தெரியாது. நிறத்தைக் கண்ணால் பார்க்க முடியாத ஒருத்திக்கு, தென்றல் தொடும்போதும் நிலா காயும்போதும் மனசுக்குள் என்ன வண்ணம் என்பது அலங்காரமே இல்லை. அப்படியே நேர்பொருளில் கேட்கிற கேள்வி. அதாவது, உங்கள் கணவர் கேட்டதைத்தான் அந்தப் பாட்டும் கேட்கிறது. இதை அவரிடம் சொல்லுங்கள். சொன்னால் அவருக்குப் புரியும்.

கூடவே இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நாள் முழுக்க எல்லாருக்கும் ஓடி முடித்து, பாத்திரம் தேய்க்கிற அந்த அரைமணி நேரப் பாட்டு உங்களுடையது. அதில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. மற்ற நேரத்தில் பாட்டு முடிந்த பிறகு எவ்வளவு கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும். நாலைந்து நிமிஷம்தானே, பொறுத்துக்கொள்வார். பிள்ளைகளும் சிரிப்பதோடு விடாமல் பதிலைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

தொடங்குவதற்கு ஒரு பாட்டு சொல்கிறேன். ‘பலே பாண்டியா’வில் (1962) கண்ணதாசன் எழுதிய ‘அத்திக்காய் காய் காய்’. கேட்டதும் அவர் “இது என்ன, காய்கறிக் கடையா?” என்பார். சொல்லட்டும். பாட்டு முடிந்ததும், நிலாவைப் பார்த்துப் பாடுகிற பாட்டு இது என்பதை மட்டும் ஞாபகப்படுத்தி, முதல் சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். அத் திக்காய்க் காய்: அந்தத் திசையில் ஒளி வீசு. ‘இத்திக்காய் காயாதே’ என்றால், இந்தப் பக்கம் காயாதே. பிரிவில் இருக்கிற பெண்ணுக்கு நிலவு சுடும் அல்லவா? அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி ‘அவரைக்காய்’ வரும். அதற்கு மட்டும் நீங்கள் விளக்கம் சொல்லிவிடாதீர்கள். எங்கே பிரிக்க வேண்டும் என்று அவரே கண்டுபிடிக்கட்டும்.