ஹில் டாப்: பாட்டர் கட்டாத, ஆனால் காத்த வீடு

கேள்வி: பீட்டர் ராபிட் கதைகளை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டருக்கு இங்கிலாந்தில் ஏரிக்கரையில் ஒரு பண்ணை வீடு இருந்ததாமே? அதை அவரே கட்டினாரா? இன்றும் அது இருக்கிறதா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அவர் கட்டியதன்று. லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், நியர் சாரி என்னும் சிற்றூரிலுள்ள ஹில் டாப், 17ஆம் நூற்றாண்டில் எழுந்த குடியானவர் வீடு. கரையை ஒட்டியே இல்லாமல், எஸ்த்வெயிட் ஏரியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது. 1905இல், கதைப் புத்தகங்களால் வந்த பணத்தோடு அத்தை விட்டுச்சென்ற சிறு தொகையையும் சேர்த்து, 34 ஏக்கர் நிலத்துடன் பாட்டர் அதை வாங்கினார். அவர் மணக்கவிருந்த நார்மன் வார்ன் அவ்வாண்டு ஆகஸ்டில்தான் காலமாகியிருந்தார்.

பண்ணையைப் பார்த்துவந்த குடும்பத்தை வெளியேற்றாமல், அவர்களுக்கென்று வீட்டோடு சேர்த்து ஒரு புதுக் கட்டு எழுப்பினார். அதன் சுவரில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் 1906 என்ற ஆண்டும் பொறித்த பலகை உள்ளது. தொடக்கத்தில் எலித் தொல்லை மிகுதியாக இருந்தது; 1908இல் வந்த எலிக் கதையின் படங்களில் இந்த வீட்டின் மாடிப்படியையும் அடுக்களையின் இரும்பு அடுப்பையும் காணலாம். 1913இல் திருமணமாகி அதே ஊரில் வேறு வீட்டில் குடியேறிய பின்னும், ஹில் டாப்பைத் தம் பொருள்களோடு அப்படியே வைத்திருந்தார்.

வீட்டைவிட, அதைச் சூழ்ந்த நிலத்தையும் ஆடுகளையும் அவர் காத்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அங்குள்ள ஹெர்ட்விக் ஆட்டின் குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளர வெளுத்துச் சாம்பல் நிறமாகும். வேலியில்லாத மலையில் தன் மந்தையின் மேய்ச்சல் எல்லையைத் தாயோடு திரிந்தே அறிந்துகொள்ளும். மந்தையை ஒருமுறை விற்றுவிட்டால், அந்த மலைக்குப் பழகிய ஆட்டைச் சந்தையில் வாங்க முடியாது. இதை நன்கு உணர்ந்திருந்த பாட்டர், 1923இல் வாங்கிய ட்ரவுட்பெக் பார்க் என்னும் பெரிய மலைப் பண்ணை உட்பட 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, பழைய வீடுகளையும் இயற்கை நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளைக்கு உயிலில் எழுதிவைத்து, மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகளே தொடர வேண்டும் என்றும், ஹில் டாப் அறைகள் தாம் விட்டபடியே இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

1943 டிசம்பரில் அவர் மறைந்தார். 1946இல் வீடு பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அறைகள் மிகச் சிறியவை. நேரம் குறித்துத்தான் உள்ளே விடுகிறார்கள் என்பதால், செல்ல நினைப்பவர்கள் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.