பழைய மினி லேத்துக்கு 400 வெள்ளி ரிப்பேர் தேவையா?

கேள்வி: நாங்கள் இருப்பது சிங்கப்பூர் ஈசூனில், நாலறை வீடு. போன மாதம் கேரோசல் என்ற, ஆட்கள் சாமான் வாங்கி விற்கும் இணையத்தளத்தில் ஒருவரிடம் 650 வெள்ளிக்கு 7-க்கு 14 அங்குல மினி லேத் (உலோகக் கம்பியைச் சுழற்றிக் கடையும் சின்ன இயந்திரம்) வாங்கினேன். விளம்பரத்தில் ‘நன்றாக ஓடுகிறது’ என்று போட்டிருந்தார். வீட்டில் ஓட்டிப் பார்த்தால் வெட்டிய பரப்பு அலையலையாக வருகிறது, கம்பி ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கிறது, பத்து நிமிடத்தில் மோட்டார் நின்றுவிடுகிறது. ரிப்பேருக்கு 400 வெள்ளி கேட்கிறார்கள். கொடுக்கலாமா, இல்லை திருப்பிக் கொடுக்க வழி உண்டா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் ஏதாவது உடைந்ததால் வருவதில்லை, தளர்ந்தோ விலகியோ இருப்பதால் வருவது.

முதலில் அலை. வெட்டும் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கிப் தளர்ந்திருக்கிறது. நகரும் பாகத்துக்கும் அதன் தடத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய பட்டைதான் கிப், பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் சின்ன ஸ்குரூக்கள்தான் அதை அழுத்துகின்றன. லாக் நட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு ஸ்குரூவையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, கைப்பிடியைச் சுற்றும்போது லேசான பிடிப்பு தெரிந்ததும் நிறுத்தி, ஸ்குரூ திரும்பாமல் ஆலன் கீயால் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். மேலே உள்ள சின்ன ஸ்லைடுக்கும் இதேதான். அப்புறம் வெட்டும் டூலின் முனை கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் கூர்முனை (சென்டர்) உயரத்துக்கு நேராக இருக்கிறதா, டூல் தேவைக்கு மேல் வெளியே நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். இத்தனையும் செய்த பிறகும் அலை போகவில்லை என்றால் கம்பியைச் சுழற்றும் தலைப்பகுதியில் உள்ள பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இந்த அளவு லேத்துகள் பலவற்றில் 6206 என்ற எண்ணுள்ள பேரிங் இரண்டு இருக்கும், உட்துளை 30 மிமீ, வெளிவிட்டம் 62 மிமீ. அது உலகம் முழுக்க ஒரே அளவு, ‘ஒரிஜினல் பார்ட்’ என்று சொல்லி யாரும் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

தடித்து மெலிவதற்கு, 25 மிமீ கம்பியை, அதைக் கவ்விச் சுழற்றும் சக்கில் பிடித்து 80 மிமீ அளவு வெளியே விட்டு, டெயில்ஸ்டாக் தொடாமல், இரண்டு முனையிலும் மிக மெல்லிசாக வெட்டி மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் தலைப்பகுதியில் குறையில்லை, டெயில்ஸ்டாக்தான் விலகியிருக்கிறது, அதை நீங்களே நகர்த்திச் சரிசெய்யலாம். வித்தியாசம் வந்தால் உடனே தலைப்பகுதியைக் கழற்றாதீர்கள், மேசை சமமாக இல்லாமல் லேத்தின் அடித்தளமான பெட் முறுக்கிக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் வரும்.

மோட்டார்தான் கவனிக்க வேண்டிய விஷயம். பிரஷ் உள்ள மோட்டார் என்றால் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம், பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கேளுங்கள். பிரஷ் சரியாக இருந்தால் அடுத்தது கன்ட்ரோல் போர்டு. என் லேத்தில் ஒரு போர்டு எரிந்து, புதிது போட்டு, அதுவும் எரிந்த பிறகுதான் போர்டு இருக்கும் பெட்டிக்குள், வெட்டும்போது சிதறும் இரும்புச் சுருள் விழுந்து கிடந்ததைப் பார்த்தேன். அதனால் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யாமல் புது போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். மின்வேலை பழகாதவர் அதைத் தொடவே கூடாது, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்த குறையாகக் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. தனியாள் தனியாளுக்கு விற்றதற்கு இந்தச் சட்டம் செல்லாது. உங்களிடம் இருப்பது ‘நன்றாக ஓடுகிறது’ என்று அவர் எழுதிய வாசகம் மட்டுமே. அந்த விளம்பரத்தையும் பேசிய செய்திகளையும் இன்றே படம் பிடித்து வைத்துக்கொண்டு, முதலில் அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள், விலையில் பாதியாவது திருப்பித் தர ஒத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் போகலாம், வக்கீல் தேவையில்லை.

கேள்வி: லேத்தைச் சர்வீஸ் யார்டில் வைத்திருக்கிறேன். ஒரு வாரத்தில் துரு பிடிக்கிறது, டபிள்யூடி-40 அடித்தும் நிற்கவில்லை.

பதில்: துணி காயும் இடம், மழைச் சாரலும் வரும், அங்கே எதை அடித்தாலும் நிற்காது. முதலில் உள்ளே நகர்த்துங்கள். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், துடைக்கவும் உதவும், ஆனால் நீண்ட நாள் காப்பு அதன் வேலையல்ல. வெட்டி முடித்ததும் சுருளைப் பிரஷ்ஷால் தள்ளி (கையால் வேண்டாம், கையுறை போட்டு ஓட்டவும் வேண்டாம்), 68 எண் ஸ்லைடுவே எண்ணெயை (நகரும் தடங்களுக்கான எண்ணெய்) துணியில் நனைத்துப் பெட் முழுக்கத் தடவி, பருத்தித் துணியால் மூடிவையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.